டிக்காஷன் பொது... சர்க்கரை தனி! - இணையதளங்களின் வேக ரகசியமும் ஒரு கிறிஸ்துமஸ் விபத்தும்

2015-ம் வருட கிறிஸ்துமஸ் தினம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் பகல் மணி 11:50. பரிசுப் பொட்டலங்களைப் பிரித்து முடித்த கையோடு பலரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டீம் தளத்தில் பண்டிகைத் தள்ளுபடி ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் மிகப்பெரிய ஆன்லைன் கடைகளில் ஒன்று அது. நடத்துவது வால்வ் என்கிற நிறுவனம்.

தங்கள் கணக்கில் லாக்-இன் செய்து விவரப் பக்கத்தைத் திறந்த சிலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே இருந்தது அவர்களின் விவரமே இல்லை. யாரோ ஒருவரின் ஈமெயில். யாரோ ஒருவரின் வீட்டு முகவரி. அந்த யாரோ இதுவரை என்னென்ன வாங்கினார் என்ற பட்டியல். சிலருக்குக் கடையே ரஷ்ய மொழியில் தெரிந்தது.

'ஹேக் பண்ணிட்டாங்க' என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அன்று காலை ஸ்டீம் மீது ஒரு தாக்குதல் நடந்தது உண்மை. ஆனால், இந்த விவரங்களை வெளியே கொட்டியது தாக்கியவர்கள் அல்ல. தளம் படுத்துவிடக் கூடாதே என்று செய்த ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின் பெயர் கேஷ்.

கேஷ் என்றதும் கல்லாப்பெட்டி ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான். இந்த கேஷ், ஒளித்து வைப்பது என்ற பொருள் தரும் பிரெஞ்சு சொல்லிலிருந்து வந்தது. மொபைல் செட்டிங்ஸில் 'கிளியர் கேஷ்' என்று ஒரு பட்டன் பார்த்திருப்பீர்களே, அதே சொல்தான். உங்கள் மொபைலில் இருப்பது சின்னப் பெட்டி. இணையதளங்கள் தங்கள் பக்கம் வைத்திருப்பது பெரிய குடோன்.

ஒரு பக்கம் எப்படித் தயாராகிறது?

இணையத்தின் ஆரம்ப காலப் பக்கங்கள் அச்சடித்த காலண்டர் மாதிரி. யார் வந்து கேட்டாலும் அதே தாள். இப்போது நீங்கள் பார்ப்பவை பெரும்பாலும் அப்படி இல்லை. கேட்கும் நேரத்தில், கேட்பவருக்காகத் தயாரிக்கப்படுபவை. நீங்கள் யார், உங்கள் நண்பர்கள் யார், கடைசியாக எதைப் பார்த்தீர்கள், கூடையில் என்ன போட்டு வைத்தீர்கள்... ஒரே ஒரு பக்கத்தைக் காட்ட, பின்னால் இருக்கும் டேட்டாபேஸிடம் பத்து இருபது கேள்விகளாவது கேட்க வேண்டியிருக்கும். பெரிய தளங்களில் நூற்றுக்கணக்கில்கூடப் போகும்.

வீட்டில் ஃபில்டர் காபி போடுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். விருந்தாளி வந்து உட்கார்ந்த பிறகு வெந்நீர் வைத்து, பொடி போட்டு, சொட்டுச் சொட்டாக இறங்கும் வரை காத்திருந்தால் அவர் கிளம்பியே போய்விடுவார். அதனால்தான் காலையிலேயே டிக்காஷன் இறக்கி வைத்துவிடுகிறார்கள். ஆள் வந்ததும் பாலைச் சூடு பண்ணிக் கலந்தால் போதும். டிக்காஷன் எல்லோருக்கும் பொது. சர்க்கரை மட்டும் ஆளைப் பார்த்து. தாத்தாவுக்குச் சர்க்கரை இல்லாமல், பேரனுக்கு இரண்டு ஸ்பூன்.

கேஷ் செய்வதும் இதுதான். ஒருமுறை டேட்டாபேஸிலிருந்து எடுத்த பதிலை, கம்ப்யூட்டரின் ரேம் நினைவகத்தில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும். அடுத்த ஆள் அதையே கேட்டால், அங்கிருந்து எடுத்துக் கொடுத்துவிடும்.

இதில் மிச்சமாகும் நேரம் கொஞ்சநஞ்சம் அல்ல. சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு தகவலைத் தேடி எடுக்க ஏறக்குறைய 10 மில்லி செகண்டு ஆகும். ரேமிலிருந்து எடுக்க சுமார் 100 நானோ செகண்டு. வித்தியாசம் ஒரு லட்சம் மடங்கு. ரேமில் எடுக்க ஒரு நொடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், டிஸ்க்கில் எடுக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும்! இன்றைய எஸ்.எஸ்.டி-க்கள் இந்த இடைவெளியை வெகுவாகக் குறைத்திருக்கின்றன. இருந்தாலும் ரேம் ரேம்தான்.

டைரி எழுதியவர்களின் பிரச்னை

ஸ்டீமுக்கு 2015-ல் நடந்ததைப் புரிந்துகொள்ள, 12 வருடங்கள் பின்னால் போக வேண்டும். பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் என்பவர் 1999-ல், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, லைவ்ஜர்னல் என்ற தளத்தைத் தொடங்கினார். தினசரி வாழ்க்கையை டைரி போல எழுதி நண்பர்களோடு பகிரும் தளம். ஃபேஸ்புக்கெல்லாம் வராத காலம். கூட்டம் அள்ளியது. சர்வர்கள் திணறின.

பக்கங்களை அப்படியே கேஷில் போட்டு வைத்தால் வேகம் வந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் லைவ்ஜர்னலில் ஒரு வசதி உண்டு. எழுதுகிறவர் ஒவ்வொரு பதிவுக்கும் யார் பார்க்கலாம் என்று தீர்மானிக்கலாம். உலகத்துக்கே திறந்தது, நண்பர்களுக்கு மட்டும், தனக்கு மட்டும். ஒரே ஆளின் டைரி, நண்பனுக்கு ஒரு மாதிரியும் மேலதிகாரிக்கு வேறு மாதிரியும் தெரியும். நண்பனுக்காகத் தயாரித்த பக்கத்தை எடுத்து மேலதிகாரிக்குக் காட்டினால் என்ன ஆகும்? வேலை போய்விடும். ஆளுக்கொரு பக்கம் என்று தனித்தனியாகச் சேமித்தாலும் பயனில்லை. அந்த ஆள் திரும்பி வருவதற்குள் புதுப்பதிவு வந்திருக்கும்.

ஃபிட்ஸ்பேட்ரிக் வேறு வழியில் போனார். பக்கத்தைச் சேமிக்காதே, பக்கம் எதனாலெல்லாம் ஆனதோ அந்தத் துண்டுகளைச் சேமி. ஒரு பயனரின் விவரம் ஒரு துண்டு. ஒரு பதிவு ஒரு துண்டு. நண்பர்கள் பட்டியல் ஒரு துண்டு. யாராவது வந்து கேட்கும்போது, 'இவர் நண்பரா?' என்று பார்த்து, அவருக்கு உரிய துண்டுகளை மட்டும் கோத்துப் பக்கமாகக் கொடு. டிக்காஷன் தயாராக இருக்கிறது, கலப்பது மட்டும் ஆள் வந்த பிறகு.

இன்னொரு சிக்கனமும் செய்தார். லைவ்ஜர்னலின் பல சர்வர்களில் ரேம் ஆங்காங்கே சும்மா கிடந்தது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம். அவற்றையெல்லாம் நெட்வொர்க்கில் இணைத்து ஒரே பொதுப் பரணாக மாற்றினார். 2003 மே மாதம் உருவான இந்த மென்பொருளுக்கு மெம்கேஷ்டி என்று பெயர். முதலில் பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. பிறகு அனடோலி வொரொபே என்பவர் சி மொழியில் மாற்றி எழுதினார். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று இலவசமாகவே வெளியிட்டார்கள். விக்கிப்பீடியா எடுத்துக்கொண்டது. ஃபேஸ்புக்கும் எடுத்துக்கொண்டது. 2008 இறுதியில் ஃபேஸ்புக் இதற்காக மட்டும் 800-க்கும் மேற்பட்ட சர்வர்களை, மொத்தம் 28 டெராபைட் ரேமோடு ஓட்டிக்கொண்டிருந்தது. ஒரு டைரி தளத்தைக் காப்பாற்ற எழுதிய நிரல்!

மெம்கேஷ்டியில் வைக்கப்படுவது எல்லாமே நகல்தான். கரன்ட் போனால் ரேமில் இருப்பது அத்தனையும் அழிந்துவிடும். அதனால் பாதகமில்லை, அசல் டேட்டாபேஸில் பத்திரமாக இருக்கிறது. இடம் போதாவிட்டால் வெகுநாள் யாரும் தொடாததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும். வீட்டுப் பரணை ஒழிக்கும்போது இந்த விதி யாருக்கும் ஞாபகம் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

பழசாகும் பிரச்னை

நகல் என்றாலே ஒரு வம்பு உண்டு. அசல் மாறிவிட்டால் நகல் பொய்யாகிவிடும்.

இதற்கு ஒரு வழி, ஆயுள் குறித்து வைப்பது. இந்த நகல் ஒரு நிமிடத்துக்குச் செல்லும், அதன்பிறகு புதிதாக எடு என்று. இந்த ஆயுள் ரொம்பக் குறைவாக இருந்தால்கூடப் பெரிய லாபம் கிடைக்கும். ஒரு கிரிக்கெட் ஸ்கோர் பக்கத்தை நொடிக்கு 10,000 பேர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகலின் ஆயுள் ஒரே ஒரு நொடி. அப்படியானால் டேட்டாபேஸுக்கு நொடிக்கு ஒரு கேள்விதான் போகும். மிச்சம் 9,999 பேருக்கும் நகல். சிக்ஸர் ஒரு நொடி தாமதமாகத் தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

டிக்கெட் பதிவில் அப்படி இருக்க முடியாது. '3 சீட் இருக்கிறது' என்று பட்டியலில் காட்டுவது சற்றுப் பழைய நகலாக இருக்கலாம். நீங்கள் பணம் கட்டும் அந்தக் கணத்தில் நகலை நம்பினால், ஒரே சீட்டை இரண்டு பேருக்கு விற்றுவிடும். அங்கே அசலைக் கேட்டே ஆக வேண்டும். பட்டியலில் இருந்த சீட், பெயர் விவரமெல்லாம் நிரப்பி முடித்த பிறகு 'இல்லை' என்று வந்து எரிச்சலூட்டுவதற்கு இது ஒரு காரணம். கோபம் நியாயமானதுதான். ஆனால், கடைசி நொடியில் அசலைப் பார்த்துச் சொன்னதே என்று சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு வழி, அசல் மாறியதுமே நகலை அழித்துவிடுவது. கேட்க எளிது. செய்து பார்த்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த ஃபில் கார்ல்டன் சொன்னதாக ஒரு கிண்டல் புரோகிராமர்கள் மத்தியில் பிரபலம். கம்ப்யூட்டர் அறிவியலில் நிஜமாகவே கஷ்டமானவை இரண்டுதானாம். ஒன்று, கேஷில் இருப்பதை எப்போது செல்லாது என்று அறிவிப்பது. இன்னொன்று, பெயர் வைப்பது.

2009 ஜூன் 25 அன்று விக்கிப்பீடியாவுக்கு நடந்தது இதற்கு நல்ல உதாரணம். மைக்கேல் ஜாக்சன் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்துபோனார். செய்தி பரவியதும் உலகமே இணையத்தில் அவர் பெயரைத் தட்டியது. ஒரே சமயத்தில் வந்து குவிந்த தேடல்களைப் பார்த்து, ஏதோ வைரஸ்தான் தாக்குகிறது என்று கூகுளே கொஞ்ச நேரம் தப்பாக நினைத்துக்கொண்டது. அதே கூட்டம் விக்கிப்பீடியாவின் ஜாக்சன் பக்கத்துக்கும் வந்தது.

விக்கிப்பீடியாவில் யாராவது ஒரு கட்டுரையைத் திருத்தினால், பழைய நகல் அழிக்கப்பட்டுப் புதிய பக்கம் தயாரிக்கப்படும். ஜாக்சன் கட்டுரை ரொம்ப நீளம், அடிக்குறிப்புகள் ஏராளம். அதை ஒருமுறை தயாரிக்கவே பல நொடிகள் பிடிக்கும். சாதாரண நாளில் அது பெரிய விஷயமில்லை. அன்றோ, ஒரு திருத்தம் விழுந்து நகல் அழிந்த அந்தச் சில நொடிகளில் பெரும் கூட்டம் வாசலில் நின்றது. நகல் இல்லை என்றதும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வர்கள் அதே பக்கத்தை முதலிலிருந்து தயாரிக்க ஆரம்பித்தன. ஒன்று தயாராவதற்குள் அடுத்த திருத்தம், மறுபடி அழிப்பு. ஜாக்சனுக்குச் சம்பந்தமே இல்லாத கட்டுரைகளைப் படிக்க வந்தவர்களுக்கும் தளம் திறக்கவில்லை.

டிக்காஷன் தீர்ந்த நேரத்தில் 50 விருந்தாளிகள் வந்து, ஐம்பது பேரும் ஆளுக்கொரு பாத்திரத்தோடு சமையலறைக்குள் நுழைந்தால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது.

விக்கிப்பீடியாவின் பொறியாளர்கள் பிறகு எழுதிய தீர்வுக்கு பூல்கவுன்ட்டர் என்று பெயர். ஒரு பக்கத்தின் நகல் இல்லாவிட்டால், அதைத் தயாரிக்கும் வேலை ஒன்றிரண்டு பேருக்கு மட்டும். மற்றவர்கள் வரிசையில் காத்திருக்க வேண்டும், அல்லது சற்றே பழைய பக்கத்தை வாங்கிக்கொண்டு போகலாம். இன்றும் அவர்களின் தொழில்நுட்பக் குறிப்புகளில் இந்தச் சிக்கலுக்கு மைக்கேல் ஜாக்சன் பெயர்தான். ஃபேஸ்புக்கும் கிட்டத்தட்ட இதே யோசனையை வேறு விதத்தில் செய்தது. இப்படி நெரிசலுக்கு உள்ளாகும் சில தகவல்களுக்கு டேட்டாபேஸுக்குப் போகும் கேள்விகள், உச்ச நேரத்தில் நொடிக்கு 17,000-லிருந்து 1,300 ஆகக் குறைந்ததாக 2013-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் அதன் பொறியாளர்கள் எழுதினார்கள்.

விக்கிப்பீடியா கதையில் நல்ல விஷயம், யாருக்கும் ரகசியம் போகவில்லை. தளம் படுத்தது, எழுந்தது, அவ்வளவுதான். அங்கே எல்லாமே டிக்காஷன். சர்க்கரை என்று எதுவும் இல்லை.

மாறிப்போன டம்ளர்

ஸ்டீமில் சர்க்கரை இருந்தது.

அன்று காலை, தளத்தை முடக்கும் நோக்கில் பொய்யான கோரிக்கைகளை லட்சக்கணக்கில் அனுப்பும் தாக்குதல் தொடங்கியது. பண்டிகைத் தள்ளுபடிக் காலத்தின் சராசரியைவிட 2,000 சதவிகிதம் கூடுதல் நெரிசல் என்று வால்வ் பின்னர் தெரிவித்தது. ஸ்டீமின் கேஷ் வேலையைக் கவனிக்க இன்னொரு நிறுவனம் இருந்தது. நெரிசலைச் சமாளிக்க அவர்கள் கேஷ் விதிகளை அவசரமாக மாற்றினார்கள். தாக்குதலின் இரண்டாம் அலையில் இரண்டாவதாக ஒரு விதி போட்டார்கள். அந்த விதியில்தான் பிழை. லாக்-இன் செய்தவர்களுக்காகத் தயாரான பக்கங்களையும் அது பொதுப் பக்கமாக நினைத்துச் சேமித்தது. ஒருவருக்குக் கலந்து கொடுத்த டம்ளரை, அடுத்து வந்தவருக்கும் அப்படியே நீட்டியது.

பகல் 11:50 முதல் 1:20 வரை, ஒன்றரை மணி நேரம். சுமார் 34,000 பேரின் விவரங்கள் இருந்த பக்கங்கள் அந்நியர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று டிசம்பர் 30 அன்று வெளியிட்ட அறிக்கையில் வால்வ் ஒப்புக்கொண்டது. பில் முகவரி, ஈமெயில், வாங்கியவற்றின் பட்டியல், போன் எண்ணின் கடைசி 4 இலக்கங்கள், கிரெடிட் கார்டின் கடைசி 2 இலக்கங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் இவற்றில் ஏதோ சில. முழு கார்டு எண்ணோ பாஸ்வேர்டோ போகவில்லை. பிழையைக் கண்டதும் கடையையே மூடிவிட்டு, விதியைச் சரிசெய்து, சேமித்த நகல்களையெல்லாம் அழித்த பிறகுதான் திறந்தார்கள். கடையை மூடியது சரியான முடிவு. தாமதமாக எடுத்த சரியான முடிவு.

லைவ்ஜர்னல் 12 வருடங்களுக்கு முன்பே பார்த்து ஒதுங்கிப்போன பள்ளம்தான் இது. ஒருவருக்கு உரிய பக்கத்தை முழுசாக எடுத்துப் பொது இடத்தில் வைக்கக் கூடாது என்பது தெரியாத புதுச் செய்தி இல்லை. சர்வர் ஒரு பக்கத்தை அனுப்பும்போதே அதன் தலைப்புக் குறிப்பில் 'பிரைவேட்' என்றோ 'நோ-ஸ்டோர்' என்றோ முத்திரை குத்தி அனுப்ப முடியும். நடுவில் இருக்கும் கேஷ் அதைப் பார்த்து, பொதுவில் சேமிக்காமல் விட்டுவிட வேண்டும். கூட்டம் நெரிக்கும்போது அவசரத்தில் போடப்படும் புது விதி, இந்த முத்திரையைத் தாண்டிப் போய்விடுவதும் சாத்தியம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இது 2015-லேயே முடிந்துபோன கதையும் இல்லை. 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடி சில மணி நேரம் நிறுத்தப்பட்டது. சிலருக்கு மற்றவர்களின் உரையாடல் தலைப்புகள் தெரிந்ததே காரணம். பயனர் விவரங்களை கேஷ் செய்ய அவர்கள் பயன்படுத்தியது ரெடிஸ். அதோடு பேசும் நிரலில் ஒரு பிழை இருந்தது. கேள்வி கேட்ட ஆள் பாதியில் ரத்து செய்துவிட்டால், அவருக்கு வர வேண்டிய பதில் வரிசையில் அடுத்து நிற்பவர் கையில் போய்விடும். குறிப்பிட்ட 9 மணி நேரத்தில் தளத்தில் இருந்த கட்டணச் சந்தாதாரர்களில் 1.2 சதவிகிதம் பேரின் பெயர், ஈமெயில், முகவரி, கார்டின் கடைசி 4 இலக்கங்கள் போன்றவை பிறர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று ஓப்பன்ஏஐ தெரிவித்தது. முழு கார்டு எண் இதிலும் போகவில்லை.

உங்கள் மொபைலில் இப்படி எப்போதாவது வேறொருவரின் பெயரோ முகவரியோ தெரிந்தால், அந்தப் பக்கத்தில் எதையும் வாங்கவோ மாற்றவோ முயற்சி செய்யாதீர்கள். லாக்-அவுட் செய்து வெளியே வந்து, அந்த நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்குத் தகவல் சொல்லுங்கள். ஆர்வத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால், அந்த அந்நியரின் முகவரியை ஊருக்கே கொடுத்தது போலாகிவிடும். உங்கள் முகவரி அந்நேரம் யார் திரையில் இருக்கிறதோ!

அன்றாடம் நடப்பது வேறொன்று. பணம் கட்டிவிட்டீர்கள், வங்கியிலிருந்து எஸ்.எம்.எஸ்-ஸும் வந்துவிட்டது. தளத்தில் மட்டும் 'பாக்கி உள்ளது' என்றே நிற்கிறது. அது பழைய நகலாக இருக்கலாம். பதறிப்போய் இன்னொரு முறை கட்டாமல், சில நிமிடங்கள் கழித்துப் பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். மாறவில்லையா, மொபைலில் கிளியர் கேஷ் அழுத்துங்கள். பக்கத்தில் இருக்கும் 'கிளியர் டேட்டா'வில் கை பட்டுவிட வேண்டாம், அது லாக்-இன் வரை எல்லாவற்றையும் அழித்துவிடும். அப்போதும் பழசே வந்தால் நகல் உங்கள் மொபைலில் இல்லை, அவர்களின் சர்வர் பக்கம் இருக்கலாம். அதை உங்களால் அழிக்க முடியாது. பணம் கட்டிய ரசீது எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, கஸ்டமர் கேருக்கு போன் போடுங்கள்.